இளைத்தது போதும்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாயே, "இந்த வயசுல எதுக்கும்மா வெயிட் எல்லாம் தூக்கறே? விழுந்து வச்சா யார் பார்த்துக்கறது?" என்று. அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். உனக்கும் அதற்குள் வேறு அழைப்பு வந்துவிட்டது. போனில் உனக்கு நேரம் இருப்பதில்லை, எனக்குக் கோர்வையாக வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கடிகாரம் கையில் ஏறிவிட்டது. புரோட்டீன் பவுடர் டப்பாவை இன்னும் திறக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், உன்னிடம் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இளைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? வீடியோவில் பார்த்துவிட்டு, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கேம்மா" என்றாய். 60 கிலோவிலிருந்து 53. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனைக்கும் நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வயதானால் வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறதே, அதை அப்படியே நம்பினேன். காலையில் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும். மதியம் அப்பாவுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தில் ஏதோ கொஞ்சம். ராத்திரி இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால். அதுவும் சாதாரண பிஸ்கட் கிடையாது. அட்டையில் 'சர்க்கரை சேர்க்காதது', 'நார்ச்சத்து மிக்கது' என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை மருந்து மாதிரி நினைத்துச் சாப்பிட்டேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. உன்னிடம் சாதாரண ஜுரம் என்று சொன்னோம், அது உண்மைதான். மறைத்தது அதற்குப் பிறகு நடந்ததை. பதினோராம் நாள் மதியம் சோபாவில் போய் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை. கால்கள் சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். டிவியில் எனக்குப் பிடிக்காத நிகழ்ச்சி, ரிமோட்டோ எட்டாத தூரத்தில். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதேன்.

டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சின்னப் பெண், உன்னைவிட இளையவள். ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். எனக்கு 19 நொடி ஆனது. 15 நொடிக்கு மேல் போனாலே தசை பலம் குறைந்திருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். "சமீபத்துல எடை ஏதாவது குறைஞ்சுதா?" என்று கேட்டாள். ஏழு கிலோ என்று பெருமையாகச் சொன்னேன். "அதுல கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எடை மெஷின் எவ்வளவு போனது என்று காட்டும், எது போனது என்று காட்டாது. பாதிப் பட்டினியும் கிடந்து உடம்பையும் அசைக்காமல் இருந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது என் கால்கள் தேய்ந்ததற்காக.

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். முப்பது வயதைத் தாண்டியதும் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வருமாம், அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடுமாம். இதற்கு சார்கோபீனியா என்று ஒரு பெயர் உண்டு. இர்வின் ரோசன்பெர்க் என்பவர் 1989-இல்தான் அந்தப் பெயரைச் சொன்னார். கிரேக்கத்தில் சதை, இழப்பு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. மனிதர்கள் காலம் காலமாகக் கிழடாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் இந்த ஒன்றுக்குப் பெயர் வைக்க அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது பார்.

படுக்கை விஷயமும் அப்படித்தான். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் ஒன்றும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நீ போன் பண்ணும்போதெல்லாம் "ரெஸ்ட் எடும்மா, ரெஸ்ட் எடும்மா" என்கிறாயே, அதை நிறுத்து. காய்ச்சல் அடிக்கும்போது படுத்துக்கொள்கிறேன். மற்ற நாளில் எனக்கு ரெஸ்ட் வேண்டாம்.

வெயிட் தூக்குவதற்கு வருகிறேன். 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! நான் 68-இல் முடியாது என்று உட்கார்ந்திருந்தேன்.

உடனே இரும்பைத் தூக்கிவிடவில்லை, பயப்படாதே. முதல் இரண்டு மாதம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, இவ்வளவுதான். அதன் பிறகுதான் ஒரு கிலோ, இரண்டு கிலோ. இப்போது கைக்கு ஐந்து கிலோ வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுகிறேன். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். மறுநாள் இனிமையாக ஒரு வலி இருக்கும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இரண்டுக்கும் வித்தியாசம் உடம்புக்கே தெரிகிறது. விழுவதற்குப் பயந்துதானே வேண்டாம் என்கிறாய்? விழாமல் இருக்கத்தான் இதைச் செய்கிறேன். தினமும் மேடை பக்கத்தில் நின்று ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்கவும் பழகுகிறேன். இடது கால் இன்னும் ஏமாற்றுகிறது.

சரி, சாப்பாடு. உடற்பயிற்சியைவிட இதில்தான் நான் அதிகம் தப்பு செய்திருக்கிறேன்.

எனக்கு நாளுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். வயதாக ஆக, சாப்பிட்ட புரதத்தைத் தசை சோம்பலாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம், அதனால் இளம் வயதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நான் இப்போது 55 கிலோ. ஆக 55-இலிருந்து 66 கிராம். அந்தப் பழைய ரொட்டி-பிஸ்கட் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் முப்பதுகூடத் தேறவில்லை. வயதானவள் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பதில் பாதிதான் சரி. வேலை குறைவதால் கலோரி குறையலாம். சத்து குறையக் கூடாது. தட்டு சின்னதாகும்போது அதில் உள்ள ஒவ்வொரு வாய்க்கும் மதிப்பு கூடுகிறது, அங்கே பிஸ்கட்டுக்கு இடமே இல்லை.

அதனால் இப்போது மூன்று வேளையும் புரதம் உண்டு. காலையில் இரண்டு முட்டை, அதிலேயே 12 கிராம். மதியம் பருப்போ பயறோ, ஒரு கை நிறைய வேண்டும், தொட்டுக்கொள்கிற அளவு இல்லை. இரவில் தயிர் அல்லது மீன். கூடவே காய், கீரை, முழுத் தானியம், ஒரு பிடி கொட்டைகள். பழத்தைப் பிழிந்து குடிப்பதை விட்டுவிட்டேன், கடித்துத்தான் தின்கிறேன். அதற்காகப் பல்லைச் சரிசெய்துகொண்டேன். இதை யாரும் சொல்வதில்லை கண்ணா, பல் போனால் முதலில் போவது கொட்டையும் பச்சைக் காயும்தான். மென்மையான மாவுப் பண்டங்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். நான் பிஸ்கட்டுக்குப் போனதும் அப்படித்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆரம்பத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். ஆர்வக் கோளாறில் ஒரே வாரத்தில் மூன்று வேளையும் பயறாகத் தின்று, வயிறு டிரம் மாதிரி ஆகிவிட்டது. அப்பா அறையை விட்டே வெளியேறிவிட்டார். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், கூடவே தண்ணீரும் குடிக்க வேண்டும். வயதானால் தாகமும் சரியாகத் தெரிவதில்லை. நான் மணி பார்த்துக் குடிக்கிறேன்.

பாக்கெட் உணவைப் பற்றி நீ அன்றைக்கு வாதம் பண்ணினாய், "கலோரி ஒண்ணுதானேம்மா, எதுல இருந்து வந்தா என்ன?" என்று. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் இதைத்தான் சோதித்தார். இருபது பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக வைத்தார். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு தின்ற நாட்களில் சராசரியாகத் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஒரு கிலோ போல எடை கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. வேகமாகவும் விழுங்கினார்களாம். மென்று தின்னவே வேண்டாம் என்றால் யாரும் அப்படித்தான் விழுங்குவார்கள்.

என் அளவுகோல் சுலபம். பின்பக்கப் பட்டியலைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டால் அதை வாங்குவதில்லை. நீ அனுப்பிய டப்பாவுக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் தேவைப்பட்டது. அது விஷம் என்று சொல்லவில்லை. காய்ச்சலில் வாய் கசந்து எதுவும் இறங்காத நாளில் உதவும். முட்டையும் பயறும் இறங்குகிற வரை வேண்டாம். மாத்திரைக்கும் நான் எதிரி கிடையாது. ரத்தத்தில் பி12 குறைவு என்று வந்தது, அதற்கு மாத்திரை போடுகிறேன். வயதானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டமாகிவிடுமாம்.

இதை எல்லாம் படித்துவிட்டு அப்பாவுக்கு முட்டை அடுக்கச் சொல்லி போன் பண்ணாதே. அவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் சரியில்லை என்பதால் புரதத்துக்கு டாக்டர் அளவு வைத்திருக்கிறார். என் கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஒரே அடுப்பு, இரண்டு கணக்கு.

கடிகாரம் பத்தாயிரம் காலடி நட என்று தினமும் அதட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிக்கணிப்பானின் பெயர், மான்போ-கேய், 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. சராசரியாக 72 வயதுப் பெண்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், தினமும் 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களில் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500-க்கு மேல் நடந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் ஏழாயிரம் என்று மாற்றி வைத்துவிட்டேன். எப்படி மாற்றுவது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இப்போது உன் விஷயம். உனக்கு 42. போனில் மூச்சு வாங்குகிறது, மாடி ஏறினாயா என்றால் லிஃப்ட் வரை நடந்தேன் என்கிறாய். 1966-இல் டல்லாஸில் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். உடல் வேலைக்கான திறன் முப்பது வருட முதுமையில் குறைந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையில் அதிகம் குறைந்திருந்தது. நீ படுக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறாய். பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடிக்கிறாயே, அதை முதலில் விடு. மற்றதற்கு அப்புறம் சண்டை போடுகிறேன்.

இன்னும் ஒன்று. போன தடவை நீங்கள் வந்தபோது பாப்பா தரையில் பொம்மைகளைப் பரப்பிவிட்டு "பாட்டி, வா" என்று கூப்பிட்டாளே, முழங்கால் வலி என்று நான் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன். வலியெல்லாம் இல்லை. உட்கார்ந்தால் எழ முடியாது, அது உங்கள் முன்னால் தெரிந்துவிடும் என்ற பயம். போன வாரம் தனியாகத் தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது. நீங்கள் வருவதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா

பி.கு. ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார். எத்தனை நொடி என்று எழுது, குறைத்துச் சொல்லாதே. எனக்கு இப்போது 11.