பேர் வெட்டுகிற வேலைதான், அப்பா

யேனா, ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, பாட்டி, சின்னவள் எல்லாரும் நலம்தானே? இங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. ஞாயிறு என்றால் கடையெல்லாம் அடைப்பு. நடுராத்திரியிலும் இட்லி வேகிற ஊரில் வளர்ந்தவனுக்குக் குளிர்கூடப் பழகிவிட்டது, இது பழகவில்லை.

போன வாரம் போனில், "லேசரை வச்சு அங்க என்னதான்டா பண்றே?" என்று கேட்டீர்கள். நானும் ஏதோ உளறினேன். உண்மையில், விளக்குத்தூண் பக்கம் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து நீங்கள் செய்கிற வேலைதான். எவர்சில்வர் மேல் கோடு போடுகிறேன்.

உங்கள் மெஷின் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தும். இங்கே ஊசிக்குப் பதில் ஒளி. ஒரு குத்துக்கு ஆகும் நேரம் சுமார் 300 ஃபெம்டோசெகண்ட். ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால், ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோசெகண்ட். ஒரு வினாடியில் உலகத்தை ஏழரைச் சுற்று சுற்றக்கூடிய ஒளி, அந்த நேரத்துக்குள் ஒரு தலைமுடியின் கனத்தைத்தான் தாண்டும். சூடு பக்கத்தில் பரவுவதற்குள் குத்து முடிந்துவிடுவதால், உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பிசிர் அநேகமாக வராது. இப்படிப்பட்ட குட்டி ஒளித் துடிப்புக்குப் பலம் ஏற்றும் வழியை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார் மூரூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். நோபல் பரிசு வர 2018 ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கோட்டை நான் ஒவ்வொன்றாக இழுப்பதில்லை. ஒளியைத் தகட்டின் மேல் ஓட்டினால் போதும். மேலிருந்து விழும் ஒளியும் தகட்டின் மேலேயே சிதறி ஓடும் ஒளியும் கலந்து, ஓரிடத்தில் பலமாகவும் அடுத்த இடத்தில் லேசாகவும் சுட, தானாக வரி விழுகிறது. கோடையில் வைகை மணலில் காற்று வரி போட்டிருக்குமே, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அச்சு அசல் அதுதான். காரணம் வேறு, தோற்றம் அதே. எங்கள் லேசரின் அலைநீளம் 1030 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வரிக்கு வரி இடைவெளி அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் வரிக்கு மேல்! தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் மயில்கழுத்துப் பட்டு மாதிரி பச்சையும் நீலமும் ஓடும். சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

வந்த புதிதில் ஒரு கூத்து. தாமரை இலை மாதிரி தண்ணீர் ஒட்டாத தகடு செய்யச் சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்து முடித்து ஒரு சொட்டு விட்டேன். பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. போச்சு என்று குப்பைத் தொட்டிக்கு எடுத்துப் போனவனை, என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்மணி தடுத்து, "டப்பாவில் போட்டு மூன்று வாரம் மறந்துவிடு" என்றார். சரி என்று வைத்தேன். புதிதாகச் சுட்ட உலோகம் தண்ணீரை இழுக்குமாம். நாளாக ஆகக் காற்றில் உள்ள கரிமப் பொருள்கள் படிந்து, குணம் தலைகீழாகிவிடும். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும் அதன் மேலுள்ள பொடிப்பொடிப் புடைப்பு மட்டும் காரணம் இல்லை, மேலே மெழுகும் உண்டு. மூன்று வாரம் கழித்து விட்ட சொட்டு முத்தாகத் திரண்டு, உருண்டோடி என் சட்டையில் விழுந்தது.

ஆனால் அம்மா தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்தால் எல்லாம் போச்சு. விமான இறக்கையில் பனி ஒட்டாமலிருக்க, உடம்புக்குள் வைக்கும் டைட்டானியத்தை எலும்பு நன்றாகப் பற்றிக்கொள்ள என்று எங்கெங்கோ முயல்கிறார்கள். நம் வீட்டுச் சாம்பார் சட்டிக்கு வர இன்னும் காலம் ஆகும்.

இந்த ஊரில் எர்ன்ஸ்ட் அபே என்ற ஒளியியல் விஞ்ஞானிக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு சின்னதுவரை பார்க்கலாம் என்று அவர் சொன்ன சூத்திரத்தையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நீங்களாக இருந்தால் எழுத்துக்கு எவ்வளவு கேட்டிருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பனிடம் தீப்பெட்டி அளவில் ஒரு தகடு கொடுத்து அனுப்புகிறேன். வரிகளாலேயே அம்மா பேர் எழுதியிருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், விரல் வைக்க வேண்டாம். 'ள்' கொஞ்சம் கோணிவிட்டது, திட்டாதீர்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. தேதியை உங்கள் மெஷினில் நீங்களே வெட்டிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்