நோயாளர் விடுதி வரை வராத தகவல்

மல்லாவி

அன்பின் நண்பருக்கு,

நலம். நலமறிய ஆவல். உமது கடிதம் கிடைத்தும் மறுமொழி எழுதச் சுணங்கிவிட்டேன். காலபோக அறுவடை ஒரு பக்கம், ஓடு மாற்றுகிற வேலை மறுபக்கம். வீட்டில் எல்லோரும் சுகம். ஓய்வு பெற்ற பிறகும் பழைய வைத்தியசாலைப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. இளம் தாதிய உத்தியோகத்தர்கள் ஏதாவது கேட்பார்கள், நானும் கதைத்துவிட்டு வருவேன். உம்முடைய கேள்விக்கு அந்தக் கதைகளை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிற காலத்தில், வன்னியில் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவத் தகவல் கிடைப்பதில்லை என்பது பழைய கதையல்லவா என்று கேட்டிருந்தீர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரே ஒரு மருந்துக் கைநூலை ஆள்மாறி ஆள் வாங்கிக் கொப்பியில் பார்த்தெழுதிய எங்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அன்று இல்லாமை ஒன்றுதான் குறை. இன்று தகவல் ஏராளமாக இருக்கிறது. நோயாளிக்குப் பக்கத்தில் முதலில் நிற்கிறவரிடம், அவருக்கு விளங்கும் மொழியில், அந்த மணித்தியாலத்தில் அது வந்து சேருவதில்லை.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். புடையன் என்கிற கண்ணாடி விரியன் கடித்த ஒருவரைப் பொழுதுபடும் நேரத்தில் வயலிலிருந்து நேரே கொண்டுவருகிறார்கள், ஆய்வுகூடம் பூட்டியாயிற்று. அந்த நேரத்துப் பரிசோதனைக்கு வேண்டியதெல்லாம் சுத்தமான, ஈரமில்லாத ஒரு சிறு கண்ணாடிப் போத்தலும் ஒரு மணிக்கூடும்தான். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் இரண்டு மில்லிலீற்றரை அதில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று கொள்ளலாம். இவ்வளவும் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். போத்தல் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவியதாக இருக்கக் கூடாது, பிளாஸ்ரிக் குழாயில் விட்டால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும் என்பவைதான் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பிளாஸ்ரிக் குழாய்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, கண்ணாடிப் போத்தலைத் தேட வேண்டியிருக்கிற நோயாளர் விடுதியில் என்ன நடக்கும் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரித்து இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து, தேவையில்லாத ஒருவருக்கு ஏறிவிடும். அதன் ஒவ்வாமை சில வேளை கடியைவிடப் பொல்லாதது.

அந்த ஒவ்வாமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டு வைத்தியசாலைகளிலேயே 1,007 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. விஷமுறிவு மருந்து ஏற்றுவதற்கு முன் சிறிய அளவு அட்ரினலினைத் தோலின் கீழ் ஏற்றினால், முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதத்தால் குறைகிறது என்று அது காட்டியது. ஒவ்வாமையைத் தடுக்குமென்று நாங்கள் காலாகாலமாக நம்பி ஏற்றிவந்த ஐதரோகோட்டிசோன், புரோமெதசீன் என்ற மருந்துகள் அப்படி எதையும் தடுக்கவில்லை. ஐதரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பயனும் கெட்டது. இந்த ஆய்வு வெளியான சஞ்சிகை யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியது என்பதைக் கவனியும். விலை தடையாக இருக்கவில்லை. ஆனாலும் பழைய ஊசிப் பழக்கம் விடுதிகளை விட்டு இலகுவில் போகவில்லை. இலங்கை மருத்துவச் சங்கம் பாம்புக்கடிக்கு நல்ல வழிகாட்டி வெளியிட்டுவருகிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த ஆங்கிலத்தை இரவுக் கடமையில் தனியாக நிற்கிற எங்கள் பிள்ளை எந்த நேரத்தில் வாசித்து முடிப்பாள்?

வறிய நாடுகளுக்கு மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ திறந்துவிடுகிற, நீர் குறிப்பிட்ட ஹினாரித் திட்டத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரிய பதிப்பகங்களோடு பேசி 2002 ஜனவரியில் அதைத் தொடங்கியிராவிட்டால், வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பல சஞ்சிகைகளைக் கண்ணாலும் கண்டிரா. ஆனால் கடவுச்சொல் நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும். நூலகரும் நூலகமும் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். ஒரு வைத்திய அதிகாரியும் நாலைந்து தாதியரும் இருக்கிற பிரதேச வைத்தியசாலையில் கடவுச்சொல்லை வாங்கி வைத்திருக்க ஆள் யார்? 2015 ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் சுகாதாரத் தகவல் கிடைக்கச் செய்ய முடியுமா என்று 2004 இல் லான்செற் சஞ்சிகையில் ஒரு கட்டுரை கேட்டது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது.

மொழியைப் பற்றிப் பேசினால் நீர் மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீனை இழுப்பீர் என்று எனக்குத் தெரியும், ஆகவே நானே இழுத்துவிடுகிறேன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அந்த அமெரிக்கர் உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே வைத்தியரை உருவாக்கினார். அதை நினைத்துப் பெருமைப்படுவதோடு நாங்கள் நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். பெரிய நூல்கள் இனித் தேவையில்லை. வைத்தியர்கள் ஆங்கிலத்தில் படிக்கட்டும். ஊர் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தருக்கும் தாதிக்கும் சிற்றூழியருக்கும் ஒரு நோய்க்கு ஒரு பக்கம் போதும். அதை எழுதிய திகதியும், எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்பதும், சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய இலக்கமும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற குறிப்புகளில் இல்லாதது அந்தத் திகதிதான். யாரோ எப்போதோ எழுதிய மருந்தளவு நாலு குழுக்களைச் சுற்றிப் புதிதாகி வந்து நிற்கிறது.

மலேரியாவையும் மறந்துவிடாதையும். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லையென்று 2016 செப்ரெம்பரில் எங்கள் நாட்டுக்குச் சான்று கிடைத்தது நல்ல செய்திதான். ஆனால் இந்தத் தலைமுறைத் தாதியர் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்பதையே இனி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, நீர் சிரிக்கக்கூடும். இந்தப் பக்கங்களில் ஒரு பிரதி எங்கள் பகுதி விஷகடி வைத்தியருக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம். சனம் பெரும்பாலும் முதலில் போவது அவரிடம்தான். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலை அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப அவர் சம்மதித்தாரானால், அது எங்கள் சுற்றறிக்கைகள் பலவற்றைவிடப் பெரிய காரியம். கதைத்துப் பார்த்தேன், மனிதர் மறுக்கவில்லை.

சில பக்கங்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கட்டுவிரியன் கடிக்கு உரியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று வந்தால், கடித்த அடையாளம் தெரியாவிட்டாலும் கண் இமை சரிகிறதா, மூச்சு விட முடிகிறதா என்று பார்க்கச் சொல்லும் இடத்தை முதலில் வாசியும். தமிழ் கனத்திருந்தால் தயங்காமல் வெட்டும். மருந்தளவுகளை உமக்குத் தெரிந்த விஷவியல் நிபுணரிடம் காட்டிச் சரிபார்த்துத் தந்தால்தான் நான் அச்சுக்குக் கொடுப்பேன். வயல் சேற்றிலும் நீரிலும் தொற்றுகிற எலிக்காய்ச்சலுக்கு உரிய பக்கம் அடுத்தது. பெரும்போக விதைப்புக்கு முன் அது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் கையில் இருக்க வேண்டும், ஆகவே பிந்த வேண்டாம்.

உமது துணைவியாருக்கு என் அன்பைத் தெரிவியும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்