மாட்டைப் பிடிக்கிற கைக்கும் பயிற்சி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோமாரி தடுப்பூசி முகாம் படம் ஒன்றை நம் இதழில் பார்த்தேன். ஊசி போடும் டாக்டருக்குப் பக்கத்தில் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிற்கும் உதவியாளரிடம்தான் என் கண் போனது. கையில் உறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. சேர்வராயன் மலையில் கால்நடை ஆய்வாளராக இருந்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் நின்றேன்.

ஒரு ஐப்பசி மழை இரவு நாகலூர்ப் பக்கம் கூப்பிட்டார்கள். ஏழு மாதச் சினையிலேயே கரு கலைந்து கன்று வீசிய மாடு, நஞ்சுக்கொடியைப் போடாமல் கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் வெறும் கையை உள்ளே விட்டு நஞ்சை எடுத்தேன். விரலில் கத்தி கீறிய காயம் ஆறாமல் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவே இல்லை. மூன்று வாரம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல், விடிவதற்குள் பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. இடுப்பு விட்டுப்போனது. டைபாய்டு என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டேன். கடைசியில்தான் ஒரு டாக்டர், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அதன் பிறகே, கன்று வீச்சு நோயைத் தரும் புருசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனை, ஆறு வார மாத்திரை. மூட்டு வலி இன்றும் மழைக்கு வந்து போகிறது.

மாட்டின் கன்று வீச்சு நோய் மனிதனுக்கும் தொற்றும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் நள்ளிரவில் மாட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது படித்தது நினைவுக்கு வராது, பழகியதுதான் வரும். அன்று நான் செய்தது மாட்டுக்கும் நல்லதல்ல. நஞ்சைப் பிடித்து இழுத்தால் கருப்பை புண்ணாகும், கூடுமானவரை கை வைக்காதே என்பதுதான் இப்போதைய பாடம். அதை என் பணிக்காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தலைவாசலில் 2021-ல் திறந்த பெரிய ஆராய்ச்சி நிலையமும், கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் சேலம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. 1985 முதல் நாமக்கல் கல்லூரியும் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆசிரியர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலை ஏறி வர வேண்டும். நான் போன பயிற்சிகளில் பெரும்பாலும் திரையில் படம் ஓடும், பிறகு டீ, பிறகு கையெழுத்து. கயிறு போட்டு மாட்டை அடிபடாமல் சாய்ப்பதையும், கோணலாக நிற்கும் கன்றைத் திருப்புவதையும் திரையில் கற்க முடியாது. தொழுவத்தில் நின்றுதான் பழக வேண்டும். டாக்டர்களோடு ஆய்வாளர்களையும் பராமரிப்பு உதவியாளர்களையும் உட்கார வைக்க வேண்டும். முதல் உதை வாங்குவது உதவியாளர்தான்.

புருசெல்லா தடுப்பூசி, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி ஊசி நம் விரலில் ஏறினாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும் நோய் நமக்கு வரலாம். கண்ணாடியும் கையுறையும் போடாமல் யாரையும் அந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. வெறிநோய் இன்னும் கொடியது. "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சுங்க சார், கைய விட்டுப் பாருங்க" என்பார்கள். எச்சில் ஒழுக நிற்கும் அந்த மாட்டை நாய் கடித்திருக்கும், வீட்டாருக்கே தெரிந்திருக்காது. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி இருக்கிறது. கால்நடைத் துறையில் சேரும் நாளிலேயே அதைப் போட வேண்டும்.

மனதைப் பற்றியும் எழுத வேண்டும். கடன் வாங்கிக் கட்டிய கறவை மாடு கைமேல் சாகும். அந்த அம்மா நம் காலடியில் உட்கார்ந்து அழுவார். அடுத்த வீட்டுக்கு உடனே போயாக வேண்டும், அன்றைக்குள் இத்தனை மாடுகளின் காதில் மாட்டும் அடையாள வில்லை எண்களைப் பதிவேற்ற வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, அப்படி ஒரு நாளுக்குப் பிறகு வாரக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். மேலே இருந்து வந்த ஒரே விசாரிப்பு, எண்ணிக்கை ஏன் குறைந்தது என்பதுதான். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம், இறந்த மாடுகளைப் பற்றிக் குற்றம் சாட்டாமல் பேச இடம் கொடுத்தால் போதும். எந்த இடத்தில் பிசகியது என்று கற்றுக்கொள்ளவும் அதுவே வழி. தனியே பேச விரும்புகிறவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அதை ஒவ்வொரு மருந்தகச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

சேலத்து மனித மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விட்டுவிட்டுக் காய்ச்சலோடு வருகிறவரிடம், மாடு ஆடோடு புழங்குகிறவரா என்று முதல் நாளே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.