புதுச் சேவலை ஒரே ராத்திரியில் கூட்டுக்குள் விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுக்கோழி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கூடு அமைப்பது, தீவனம் வைப்பது எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் புதுச் சேவல் கொண்டுவந்தால் அன்றைக்கு ராத்திரியே, பெட்டைகள் அடைந்த பிறகு கூட்டுக்குள் விட்டுவிடலாம், விடிந்தால் பழகிவிடும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதையே செய்து நான்கு கோழிகளைப் பறிகொடுத்தவள் நான்.

அப்போது என்னிடம் 11 பெட்டைகள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை வைக்கும், ஆனால் அடை வைத்துக் குஞ்சு எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு சேவலைக் கொண்டுவந்தேன். கொண்டை செக்கச்செவேல் என்று, பார்க்க அவ்வளவு லட்சணம். ராத்திரி பெட்டைகளுக்கு நடுவே கம்பில் உட்காரவைத்தேன். ஒன்பதாம் நாள் ஒரு பெட்டை தும்மியது, தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் கண்ணோரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக நிற்கிறது, ஒழுகிய மூக்கை இறக்கையில் துடைத்துத் துடைத்து அந்த இடத்து இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிப்போயிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் நான்கு போய்விட்டன. சேவலுக்கோ ஒன்றுமே ஆகவில்லை. கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது, மைக்கோபிளாஸ்மா மாதிரி சளி நோய்களில் பிழைத்து எழுந்த கோழி வெளியே திடமாகத் தெரிந்தாலும் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டேதான் திரியும், ஆயுசுக்கும்கூட.

அதனால் புதிதாக வரும் எந்தக் கோழியையும் 30 நாள் தனியாக வைத்தே ஆக வேண்டும். தனியாக என்றால் அதே கூட்டின் ஒரு மூலையில் அல்ல, நன்றாகத் தள்ளி, தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீவனத் தட்டு. முதலில் பழைய கோழிகளுக்கு வேலை பார்த்துவிட்டு அப்புறம்தான் புதுசிடம் போக வேண்டும், செருப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள். காலில் செதில் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பொடிச் சிற்றுண்ணி புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மருத்துவர் சொன்ன இன்னொரு யோசனை கேட்கக் கல்மனசாகத் தோன்றும். 30 நாளும் ஒன்றும் தெரியாவிட்டால்கூட, உடனே கூட்டத்தில் சேர்க்காமல் நம் பெட்டைகளில் ஒன்றை மட்டும் சேவலோடு இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்ப்பது. சேவல் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தால் அந்த ஒன்றுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டாவது சேவல் வந்தபோது நான் இதைச் செய்தேன், தினமும் காலையில் அந்தப் பெட்டையின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். அது நல்லபடியாக இருந்தது. ஒன்றை இப்படி விடுவது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் கூட்டம் மொத்தத்தையும் பணயம் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, நோய் பயம் தீர்ந்தது என்றாலும் அந்த ராத்திரி யோசனை எனக்கு ஒப்பவில்லை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால்தான் அமைதியாக இருக்கிறது, ஏற்றுக்கொண்டு அல்ல. விடியும்போது கூடு பூட்டியிருக்கும், துரத்தினால் ஓட இடம் இருக்காது. அதிலும் ஐந்து ஆறு மாத விடலைச் சேவலாக இருந்தால் வயசான பெட்டைகள் மூலையில் மடக்கிக் கொத்தும். கொண்டையில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அங்கேயே வந்து கொத்தும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு விலங்கியல் ஆய்வாளர் ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். பெட்டைகளுக்குள் ஒரு வரிசை, சேவல்களுக்குள் வேறு வரிசை. ஏற்கெனவே ஒரு சேவல் இருக்கும் இடத்தில் இன்னொன்றை விடுவது தனிக் கதை, இடமும் பெட்டைகளும் தாராளமாக இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

என் அனுபவத்தில் கம்பிவலைதான் சரியான வழி. ஒன்று இரண்டு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் சேவல், அந்தப் பக்கம் பெட்டைகள். என் சேவல் மண்ணைக் கிளறிக் கறையான் கிடைத்தால் தின்னாது, வாயில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், ‘டுக் டுக் டுக்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நாலு நாள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், எல்லாரிடமும் கொத்து வாங்கும் கடைசிப் பழுப்புப் பெட்டை தயங்கித் தயங்கி வந்து வலை ஓட்டையில் அலகை நீட்டியது, சேவல் ஒரு அடி பின்னால் போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கூப்பிட்டு ஊட்டும் சேவலைப் பெட்டைகள் தாமாகவே தேடி வரும்.

அப்புறம் வலையை எடுக்கும் நாளில் பகலில், திறந்த வெளியில் விடுங்கள், நீங்களும் கூடவே இருங்கள். நெஞ்சை நிமிர்த்தி முட்டுவது, நாலு கொத்து, கொஞ்ச தூரம் துரத்துவது எல்லாம் சகஜம், ஓடி வந்து பிரிக்காதீர்கள். ரத்தம் வந்தாலோ, ஒன்றைத் தீவனத்துக்கே வரவிடாமல் அடித்தாலோ பிரித்துவிட்டு இன்னும் ஒரு வாரம் வலை போடுங்கள். தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒரு சேவலுக்கு எட்டு பத்து பெட்டைகளாவது வேண்டும், குறைந்தால் இணைசேரத் திரும்பத் திரும்ப மிதித்து முதுகில் இறகே இல்லாமல் போய்விடும். சில நாள் முட்டை குறைந்தால் பயப்பட வேண்டாம். முன்பு வேறு சேவல் இருந்த கூட்டமானால் அதன் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும், ஆகவே புதுச் சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் மூன்று நாலு வாரம் பொறுத்து அடை வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்கும், விடலைச் சேவலின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது, எல்லாருக்கும் வளர்தீவனம் (வளரும் கோழிக்கான, கால்சியம் குறைந்த தீவனம்) கொடுத்துவிட்டுப் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்துவிடலாம்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் ஒரு சேவலைக் கொண்டுவந்திருப்பார்கள். அடுத்த இதழிலேயே, முடிந்தால் முதல் பக்கங்களில், இந்த 30 நாள் விஷயத்தைப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி