மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகளுக்கு மன்னார்குடி பட்டறையிலிருந்து ஒரு மடல்

தமிழ்நாட்டில் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியில் நான் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்கிறீர்கள். ஆனால் வண்டி நின்றால் ஜனங்கள் முதலில் தள்ளிக்கொண்டு வருவது என் வாசலுக்குத்தான். சர்வீஸ் சென்டர் இருப்பது தஞ்சாவூரில்.

போன ஐப்பசியில் வந்த ஒரு பால்காரர் வண்டியைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வாய்க்கால் கரை ரோட்டில் கணுக்கால் தண்ணீர்தான், அதிலேயே நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலரையே மாற்றிக் கொடுத்தார்கள். கார்த்திகை மழையில் மறுபடி அதே கதை. “வாரண்டி கிடக்கட்டும், பிரிங்கண்ணே” என்று அவரே சொன்னபிறகு, கால் வைக்கும் பலகையைக் கழற்றினேன். அடியில் வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டரில் ரப்பர் சீல் விலகி, உள்ளே இருக்கும் உலோக ஊசியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்து, சீலை ஒழுங்காக உட்காரவைத்தேன். ஓடுகிறது. சரி, கம்பெனிக்குச் சொல்லிவைப்போம் என்று இலவச எண்ணுக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. சீல் விலகியதைச் சொல்ல எதை அழுத்துவது?

அமெரிக்க பைக் கம்பெனி ஹார்லி டேவிட்சன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1969-ல் ஏ.எம்.எஃப். என்கிற வேறொரு கம்பெனி கைக்குப் போனதும் உற்பத்தியை ஏற்றினார்கள், தரம் இறங்கியது. புது வண்டியிலேயே ஆயில் ஒழுகும். ஷோரூமில் அடியில் அட்டை போட்டு வைப்பார்களாம். எதிரே ஹோண்டா, யமஹா. 1981-ல் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பெனியை மீட்டார்கள். 1983-ல் அமெரிக்க அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது. இங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? 750-ஐ 700-க்குள் சுருக்கி அனுப்பினார்கள்! வரி கொடுத்தது மூச்சுவிட நேரம். ஆயில் ஒழுகுவதை வரி நிறுத்தாது.

நிறுத்தியது வேறு. அமெரிக்காவிலேயே ஒஹையோவில் இருந்த ஹோண்டா ஆலையைச் சுற்றிப்பார்த்த ஹார்லி ஆட்கள் அங்கே பெரிய இயந்திர மாயம் எதையும் பார்க்கவில்லை. வேலை நடக்கும் விதம்தான் வேறாக இருந்தது. திரும்பி வந்து, குடோனில் மலையாகக் குவிக்காமல் தேவைக்கு மட்டும் பாகங்களை வரவழைத்தார்கள்; பாகம் கெட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். லைனில் நிற்கிற தொழிலாளிக்கே அளவு பார்க்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்து, அவன் பேச்சைக் காதில் வாங்கினார்கள். 1984-ல் புது எவல்யூஷன் இன்ஜின் வந்தது. 1987-ல், கெடு முடியும் முன்பே, வரியை எடுத்துவிடுங்கள் என்று அவர்களே போய்ச் சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, 1955 முதல் திருவொற்றியூரில் புல்லட் செய்தவர்களைப் பாருங்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ஒழுகின ஆயிலில் எங்கள் பிழைப்பு ஓடியது, மறைக்க ஒன்றுமில்லை. 2008-ஐ ஒட்டி இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மூட்டு குறைந்தது, ஒழுகலும் குறைந்தது. இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற டேப்பெட் அட்ஜஸ்ட் வேலைகூட எங்களுக்கு இல்லாமல் போனது. வலது கால் கியர் போச்சே என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் புல்லட் ஓட்டத் தெரியாத பையன்களும் புல்லட் வாங்கினார்கள்.

இறக்குமதி வண்டிக்கு இங்கே ஏற்கெனவே கனமான வரி இருக்கிறது. அந்த நிழலில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. கழற்றிய கெட்ட பாகம் ஆலையில் அதைப் பொருத்திய ஆளின் மேசைக்குத் திரும்பிப் போகிறதா? மோட்டாரையும் பேட்டரியையும் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், நியாயம். ஒரு ரப்பர் சீலையாவது ஸ்பேர் கடையில் காசுக்குக் கொடுக்கக் கூடாதா?

பட்டறைக்காரர்கள் பழுதைச் சொல்ல, மனிதர் எடுத்துப் பேசும் ஒரு எண் கொடுங்கள். வரும் ஐப்பசியில் இன்ஜினியர்கள் இரண்டு பேரை இங்கே அனுப்பிவையுங்கள். மெயின் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவதானால் வரவே வேண்டாம். பின்னால் இரண்டு பால்கேன் கட்டித் தருகிறோம், பாமணி ஆற்றங்கரையில் ஓட்டட்டும். நின்றால் அங்கேயே பிரித்துப் பார்க்கலாம், கூட நானும் இருக்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி பட்டறைக்காரன்