புது கோச்சுக்கு ஒரு முழு சீசன் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. செலவைக் குறைக்கத்தான் சென்னையின் எப்.சி. கால்பந்து அணி கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறது, வெளிநாட்டுக்காரர் இல்லாமல் அணி தேறாது என்று அவர் எழுதியிருந்தார். செலவு பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டி நடக்குமா நடக்காதா என்று தெரியாமலே 2025-இல் பாதி ஆண்டு போய்விட்டது. கால்பந்து சம்மேளனம் தனியார் நிறுவனத்தோடு 2010-இல் போட்ட 15 ஆண்டு வணிக ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. சில அணிகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. அந்த நிலையில் யார்தான் கணக்குப் பார்க்க மாட்டார்கள்? நானும் காரைக்குடி கல்லுக்கட்டியில் கடை வைத்திருப்பவன்தான். ஆனால் ஒரு சீசன்கூட ஆடி முடிக்கும் முன் "தேறாது" என்று எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து என்ன ஆனது என்று பார்ப்போம். 2020-21இல் சாபா லாஸ்லோ, ஹங்கேரிக்காரர். அடுத்த சீசன் பாண்டோவிச், மாண்டினீக்ரோ. அதற்கடுத்து ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச். மூன்று சீசனுக்கு மூன்று பயிற்சியாளர், மூன்று முறையும் எட்டாவது இடம். ஒவ்வொருவரும் வந்து ஆட்களை மாற்றினார்கள், ஆட்ட முறையை மாற்றினார்கள், பட்டியலில் இடம் மட்டும் அசையவில்லை. பந்தி பாதி நடக்கும்போது சமையல்காரரை மாற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, நீடித்து வைத்திருந்தால் மட்டும் கோப்பை வந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓவன் கோய்ல் 2023-இல் திரும்பி வந்தார். முதல் ஆண்டு ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் (நாக்-அவுட் சுற்று) வரை போனோம், அடுத்த ஆண்டு பதினொன்றாவது. அதே கோய்ல்தான் 2019 டிசம்பரில் நடு சீசனில் பொறுப்பேற்று, தடுமாறிக்கொண்டிருந்த அணியை ஃபைனல் வரை கொண்டுபோனவர். நம் முதல் பயிற்சியாளர் மார்க்கோ மாட்டராஸி கதை இன்னும் பெரியது. 2015-இல் அவருடைய அணி ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் கிடந்தது. அப்போது அவருக்கு இரண்டாவது ஆண்டு. அவரை அனுப்பிவிடவில்லை. சென்னையில் வெள்ளம் வந்து, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். ஃபைனலில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2. கடைசி நிமிடங்களில் மெண்டோசா போட்ட கோல்தான் வெற்றிக் கோல். நடு சீசன் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் அந்தக் கோப்பை வந்திருக்குமா?

மிராண்டா ஒன்றும் தெரியாமல் வந்தவர் இல்லை. கோவாக்காரர், டெம்போ அணிக்காகவும் இந்தியாவுக்காகவும் நடுக்களத்தில் ஆடியவர். 2020-இல் எஃப்.சி. கோவா தன் பயிற்சியாளரை நீக்கியபோது இடைக்காலப் பொறுப்பில் நின்று லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் ஒடிசா எஃப்.சி. பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பை எடுத்ததே, அப்போதும் பயிற்சியாளராக நின்றவர் இவர்தான். அந்த ஒடிசா அணியில் நம் சென்னை வீரர் நந்தகுமார் சேகரும் இருந்தார். இந்தியப் பயிற்சியாளர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் காலித் ஜமீலையும் நினைத்துப் பார்க்கலாம். ஐஸால் அணியை 2017-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கியவர், இப்போது தேசிய அணிக்கே பயிற்சியாளர்.

மிராண்டா வந்த பிறகு 2025 சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் தோற்றோம், ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு கோல் வாங்கினோம், உண்மைதான். பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனால் பயிற்சிக்குக் கிடைத்த நாட்கள் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? இந்த 2025-26 ஐ.எஸ்.எல்.லும் ஒரே சுற்று, அணிக்கு 13 ஆட்டம்தான். இரண்டு ஆட்டம் சறுக்கினாலே பட்டியலில் கீழே போய்விடுவோம். அதனால் பட்டியலை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனிக்கலாம் என்பது என் யோசனை. எழுபது நிமிடத்துக்கு மேல் நம் பையன்கள் ஓடுகிறார்களா, நிற்கிறார்களா? அது உடற்தகுதிப் பயிற்சியாளரின் வேலை. எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும்போது யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிறார்களா, அல்லது ஒருவரை ஒருவர் பார்த்துக் கைகாட்டுகிறார்களா? கோல்கீப்பர் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிறாரா, பின்கள வீரருக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறாரா? பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறார்கள்? மாற்று வீரராக இறங்குவது நம் ஊர் இளைஞர்களா? புதிய பயிற்சிக் குழு வேலை செய்கிறதா என்பது ஸ்கோருக்கு முன்னால் இதில்தான் தெரியும். டி.வி.யில் பார்க்கும் எங்களுக்கே இவ்வளவு தெரிகிறது. உங்கள் பக்கத்திலோ முடிவும் கோல் போட்டவர் பெயரும் இரண்டு வரியில் வருகின்றன, அதுவும் கிரிக்கெட் செய்திக்குக் கீழே.

எங்கள் பக்கம் தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூடுகிற கூட்டத்தை எந்தக் கால்பந்தும் கூட்டிவிட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆட்டம் உள்ள இரவு கடையை அடைத்த பிறகு ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனிலோ டி.வி.யிலோ பார்க்கிறோம். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளி அண்ணன் கேரளா பிளாஸ்டர்ஸ் கட்சி. நாம் தோற்ற மறுநாள் டீயோடு சேர்த்து நக்கலும் தருவார். அவருடைய அணி மூன்று ஃபைனல் ஆடி மூன்றிலும் தோற்றது, இன்றுவரை ஒரு ஐ.எஸ்.எல். கோப்பை இல்லை. அதற்காக மஞ்சள் சட்டையை அவர் கழற்றிவிடவில்லை. இரண்டு முறை சாம்பியனான நமக்குத்தான் மூன்று தோல்விக்குள் பொறுமை போய்விடுகிறது! நம் மாநிலத்தில் கோவையை மையமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. இன்று அந்த அணியை எங்கே தேடுவது? மேல்மட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே அணியையும் திட்டித் தீர்த்துவிட்டு யாரை ஆதரிக்கப் போகிறோம்?

கடைசியாக ஒரு கோரிக்கை, இது உங்களுக்கும் அணி நிர்வாகத்துக்கும் சேர்த்து. சென்னையில் நடக்கும் ஆட்டங்களின் தேதியையும் தொடங்கும் நேரத்தையும் முன்கூட்டியே பெரிதாகப் போடுங்கள். இரவு 7.30 ஆட்டம் என்றால் நேரு விளையாட்டரங்கை விட்டு வெளியே வரவே ஒன்பதரை மணி ஆகிவிடும். காரைக்குடி போகும் பல்லவன் ரயில் மதியமே கிளம்பிவிட்டிருக்கும். அதன் பிறகு கிளாம்பாக்கம் போய்த்தான் காரைக்குடி பஸ் ஏற வேண்டும், மறுநாள் காலையில் கடை திறக்க முடியாது. சனிக்கிழமை மாலை 5 மணி ஆட்டங்கள் நான்கைந்து சென்னையில் வைத்தால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.