சிவப்புச் சால்வையைக் கழற்றாதே

திருகோணமலை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. உப்புவெளிப் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. நிலாவெளிக்குப் போகிற சனமும் கூடிவிட்டது. நீ செய்கிற கைப்பேசி விளையாட்டின் நாயகனை வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. 1795 ஆகஸ்ட், ஆங்கிலேயர் முற்றுகை, ஒல்லாந்தரின் கோட்டைக்குள் இரவில் பதுங்கிப் போகும் தூதன். கதைக்களம் எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு, தோளிலே ஒரு சிவப்புச் சால்வை. "இந்தச் சிவப்பு இருட்டிலே ஆளைக் காட்டிக் கொடுக்காதா, கழற்றிவிடட்டா?" என்று கேட்டிருக்கிறாய். கழற்றாதே. கழற்ற வேண்டியது அந்தக் கறுப்பைத்தான்.

முதலில் காவல்காரனைப் பற்றி ஒன்று. உன் விளையாட்டிலே அவனுக்குக் கண் கிடையாது. முகத்துக்கு முன்னால் ஒரு கூம்பு வடிவப் பரப்பு இருக்கும். நாயகன் அதற்குள் வந்தால், காவல்காரன் தலையிலிருந்து நாயகனின் தலை, நெஞ்சு, இடுப்பு என்று மூன்று கோடு இழுத்து, நடுவில் சுவர் இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். பிறகு நாயகன் நிற்கிற இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, தூரம் எவ்வளவு, நிற்கிறானா குனிந்திருக்கிறானா என்று பெருக்கி ஒரு சந்தேக மானியை நிரப்பும். இந்தக் கணக்கிலே துணியின் நிறத்துக்கு இடமே இல்லை. நீயாக எழுதிச் சேர்த்தால்தான் வரும். அதனால் நாயகன் உடுத்திருப்பதைப் பார்க்கிறவர் ஒருவர்தான், அவனுக்குப் பின்னால் கமராவிலே நிற்கிற விளையாட்டுக்காரர். உடுப்பு முதலில் அவருடைய கண்ணுக்குத் தைக்கப்பட வேண்டும்.

ஸ்ப்ளிண்டர் செல் விளையாட்டு நினைவிருக்கும், 2002. நாயகன் சாம் ஃபிஷரின் நெற்றியிலே, இரவுப் பார்வைக் கருவியில், மூன்று பச்சை விளக்கு எரியும், எதிரே நிற்கிற ஒருவனுக்கும் அது தெரியாது. உண்மையான இரவுப் பார்வைக் கருவியில் முன்பக்கம் எந்த வெளிச்சமும் வராது. பச்சை ஒளி கசிவது பின்பக்கம், போட்டிருப்பவருடைய முகத்தில். அதை அடக்கத்தான் கண்ணைச் சுற்றி றப்பர் கிண்ணம் வைக்கிறார்கள். அப்படியிருக்க ஏன் அந்த மூன்று விளக்கு? விளையாட்டு முழுவதும் நிழலிலே நடக்கிறது. நிழலுக்குள் நிழலாக நிற்கிற ஆளை விளையாடுகிறவர் தொலைத்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்றே தெரியாது. மூன்று பச்சைப் புள்ளி தலை எங்கே, முகம் எந்தப் பக்கம் என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. 1998இல் வந்த தீஃப் விளையாட்டுக்கு அந்தத் தேவை இல்லை. அதில் நாயகனின் கண்ணாலேயே பார்க்கிறோம், அவன் உடம்பு திரையில் வராது. அதனால் திரையின் அடியில் ஒரு மணிக்கல்லை வைத்து, அது ஒளிர்ந்தால் நீ வெளிச்சத்தில் நிற்கிறாய் என்று சொல்லிவிட்டார்கள். உன்னுடையது மூன்றாம் ஆள் பார்வை. உனக்கு ஓர் அடையாளம் கட்டாயம் வேண்டும்.

இனிச் சிவப்பு. பின்னேரம் மங்கும்போது வேலியோரச் செவ்வரத்தையை வடிவாகப் பார். பகலிலே பளிச்சென்று நின்ற பூ முதலில் கறுக்கும். இலை அதற்குப் பிறகும் சாம்பல் பச்சையாய்த் தெரிந்துகொண்டிருக்கும். செக் நாட்டு உடலியலாளர் பர்க்கின்ஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்தார், அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்வது கண்ணின் கோல் கலங்கள். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே நிலா வெளிச்சத்தில் கொத்தளத்தில் நிற்கிற உண்மையான காவல்காரனுக்கும் உன் சால்வை வெறும் இருட்டுத்தான். தீப்பந்தத்துக்குக் கிட்டப் போனால் மட்டும் நிறம் திரும்ப வரும். ஆனால் விளையாடுகிறவர் பார்ப்பது ஒளிரும் திரை. அவருடைய கண்ணில் நிறம் காணும் கூம்புக் கலங்கள் விழித்திருக்கின்றன, சிவப்பு நன்றாகத் தெரிகிறது. கதைக்குள்ளே மறைந்து, திரைக்கு வெளியே தெரிகிற நிறம் இதைவிட வேறு கிடையாது. 2002இன் ஷினோபி விளையாட்டில் நாயகன் ஹொட்சுமாவின் நீளமான சிவப்புக் கழுத்துத்துணி பறந்துகொண்டே இருக்கும். அது அசட்டுத்தனம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

கறுப்புத்தான் பிழை. இரவு கறுப்பு இல்லை. நட்சத்திர வானமும், நிலாக் கடலும், சுண்ணாம்புச் சுவரும் எல்லாம் கறுப்பை விட வெளிச்சம். முழுக் கறுப்பில் ஓர் ஆள் கொத்தளத்தின் விளிம்பில் நின்றால் வெட்டி ஒட்டின காகிதம் மாதிரித் தெரியும். நிஞ்ஜா என்கிற யப்பானிய ஒற்றனுக்குக் கறுப்பு உடுப்பு வந்ததே அந்த நாட்டின் கபுக்கி நாடக மேடையிலிருந்துதான் என்று சொல்கிறார்கள். அங்கே அரங்கப் பொருட்களை நகர்த்துகிற பணியாளர்கள் கறுப்பு உடுத்துவார்கள், பார்ப்பவர்கள் அவர்களை இல்லாதவர்களாக எண்ணிக்கொள்வார்கள். உண்மையான ஒற்றர்கள் துறவியாகவும் வியாபாரியாகவும் போனார்கள். உன் தூதனுக்கும் அதுவே சரி. 1795இல் கடற்கரையில் வேலை செய்கிற ஆளுக்குச் சட்டை எதற்கு? வெறும் மேல், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய கோடி வேட்டி, தோளில் சால்வை. வேட்டியை வெள்ளை வெளேரென்று வைக்காதே, வெளுக்காத பருத்தியின் அழுக்கு மஞ்சள் போதும். உடம்பிலே எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் பந்த வெளிச்சம் தெறிக்கும். தோலின் சொரசொரப்பு அளவை 0.4இலிருந்து 0.6க்கு உயர்த்திப் பார், மினுக்கம் அடங்கும்.

சால்வையின் சிவப்பையும் மாற்ற வேண்டும். இப்போது இருப்பது நெகிழி வாளிச் சிவப்பு. சாயவேர்ச் சிவப்புக்கு வா, வேரிலிருந்து எடுக்கிற சாயம். செங்கல்லும் காவியும் கலந்த மாதிரி. யாழ்ப்பாணத்துச் சாயவேரை ஒல்லாந்தர் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள், ஆகவே அந்த நிறம் உன் காலத்துக்கும் இடத்துக்கும் உரியது. ஒளிர்வைப் பின்புலம் 10 முதல் 15, உடம்பு 20 முதல் 25, சால்வை 40 வீதம் என்று படிப்படியாக வைத்தால், நிறம் தெரியாத கண்ணுக்கும் சால்வை பிரிந்து நிற்கும். இதை விட்டுவிடாதே. சிவப்பைக் கருமையாகப் பார்க்கும் நிறக்குருடு உள்ளவர்களுக்கு ஒளிர்வு வித்தியாசம் மட்டும்தான் கை கொடுக்கும்.

நீளம் அதிகம். படத்தில் முழங்கால் வரை தொங்குகிறது. அவன் சுவரோடு ஒட்டிக் குனிகிற முதல் நிமிடமே துணி சுவரைத் துளைத்து மறுபக்கம் தலை நீட்டும். காவல்காரனுக்கு முன்னால் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருக்க அவன் கொட்டாவி விடுவான், விளையாடுகிறவருக்கு முழு நம்பிக்கையும் போய்விடும். முன் தலைப்பு இடுப்பு வரை, பின் தலைப்பு அதற்கு ஒரு சாண் கீழே, அவ்வளவு காணும். துணியை அசைக்கிற கணினி எலும்புகளை (bone) தலைப்புக்கு 6 வீதம் இரண்டு சங்கிலியாகப் போடு. மேல் இரண்டு எலும்புகளும் தோளோடு இறுகி நிற்கட்டும், மீதி நான்கு மட்டும் ஆடட்டும். துணி உடம்புக்குள் புகாமல் தடுக்க முதுகுக்கும் இரண்டு தொடைக்கும் மோதல் உருளைகள் வை, தொடை உருளையைத் தசையை விட 2 செ.மீ. பருமனாக்கு. ஓடி நிற்கிற கணத்தில் துணி நடுங்கினால் ஆட்டத்தை அடக்கும் தணிப்பு அளவு குறைவென்று அர்த்தம், காற்றைக் குறைக்காதே.

காற்றை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது ஒரு திசைகாட்டி. ஆகஸ்டிலே இங்கே கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். தலைப்பு பறக்கிற பக்கம் கடல். உன் விளையாட்டில் வரைபடம் இல்லை என்றாய். இருட்டில் வழி தவறியவர் ஒரு நொடி நின்று சால்வையைப் பார்த்தால் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாடுகிறவருடைய கண்ணுக்கு. உடுப்புக்குக் காவல்காரனுடைய கணக்கிலும் இடம் கொடுத்த விளையாட்டுகள்தான் எனக்கு மிகவும் விருப்பம். அசாசின்ஸ் கிரீட் முதல் பாகம் 1191இல் நடக்கிறது. நாயகன் அல்த்தாயிரின் வெள்ளை அங்கிக்கு ஒரு காரணம் இருந்தது. தெருவிலே வெள்ளை அங்கி அறிஞர்கள் கூட்டமாய் நடப்பார்கள், அவர்களுக்குள் புகுந்துவிடலாம். இரண்டாம் பாகத்துக்கு வந்தபோது ஃப்ளாரன்ஸ் தெருவில் அந்தக் கூட்டம் இல்லை, அங்கி மட்டும் மிஞ்சியது. ஆனால் அதே பாகத்தில் நல்ல வேலை ஒன்றும் இருக்கிறது. விளையாட்டில் தேடிச் சேர்க்க வேண்டிய 100 இறகுகளையும் சேர்த்தால் நாயகனின் அவுடித்தோரே குடும்ப மேலாடை கிடைக்கும். அதை அணிந்தால் எங்கே போனாலும் காவலர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். உடுப்புக்கு ஒரு விலை வைத்தார்கள். மெட்டல் கியர் சாலிட் 3இல், 2004, சீருடையும் முகச்சாயமும் தரைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்று திரை மூலையில் வீதக் கணக்கு ஓடும். படுத்தால் ஏறும், ஓடினால் இறங்கும். தெளிவான வழி, ஆனால் மெனுவைத் திறந்து திறந்து உடுப்பு மாற்ற வேண்டிவரும். கைப்பேசியில் விளையாடுகிறவருக்கு அது அலுப்பு.

ஹிட்மேன் விளையாட்டைத்தான் நீ அதிகம் படிக்க வேண்டும். அதன் நாயகனுக்குக் கறுப்புக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி, மொட்டைத் தலை, பின்கழுத்தில் பட்டைக்குறி. ஆனால் சமையல்காரன் உடுப்பைப் போட்டால் குசினிக்குள் ஒருவரும் கேட்கமாட்டார்கள். 2012இல் வந்த அதன் அப்சல்யூஷன் பாகத்தில் ஒரு பிழை செய்தார்கள். எந்த உடுப்பைப் போட்டாலும் அதே உடுப்புப் போட்ட எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். பத்துக் காவலர் நிற்கிற இடத்தில் காவலர் உடுப்பால் பயன் இல்லாமல் போனது. 2016இல் வந்த பாகத்தில் அதைத் திருத்தி, ஒரு சிலரை மட்டும் அப்படிச் சந்தேகிக்க வைத்து, அவர்கள் தலைக்கு மேலே வெள்ளைப் புள்ளி போட்டார்கள். உன் கோட்டையில் அந்த ஆள் கங்காணிதான். சுமை தூக்குகிற எல்லோரையும் முகம் தெரிந்தவன் அவன். ஒரு பகுதிக்கு ஒரு கங்காணி, அதற்கு மேல் வைக்காதே.

இப்போது உன் சால்வைக்கு வருகிறேன். பெரிய மனிதருக்கு முன்னால் வந்தால் எங்கள் ஆட்கள் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுவார்கள். இதை ஒரே ஒரு பொத்தானாக வை. சால்வை தோளில் என்றால் அவன் தன்மானமாக நடக்கிற ஆள், காவலர் திரும்பிப் பார்ப்பார்கள், மானி முழு வேகத்தில் ஏறும். இடுப்பில் கட்டி ஒரு மூட்டையும் தூக்கினால் கூலி. 5 மீற்றருக்கு அப்பால் மானி 0.4 வேகத்தில் ஏறட்டும், 2 மீற்றருக்குள் கங்காணிக்கு மட்டும் முழு வேகம். கட்டி முடிக்க 1.5 நொடி எடுக்கட்டும், அதற்குள் யாராவது பார்த்தால் சலுகை இல்லை. மூட்டை தூக்கிய ஆள் ஓடினாலும் குனிந்தாலும் அந்தக் கணமே வேடம் கலையட்டும். இடுப்பில் கட்டினால் பறக்கிற தலைப்பும் இல்லை, சுவரைத் துளைக்கிற சிக்கலும் தானாகப் போய்விடும். ஆனால் திசைகாட்டியும் போகும், அது நல்லது, எப்போது அவிழ்ப்பது என்று விளையாடுகிறவர் யோசிக்க வேண்டிவரும்.

சோதனை இப்படிச் செய். கொத்தளம், வெடிமருந்து அறை, மணல் கரை, ஓட்டுக் கூரை என்று 8 இடங்களில் திரையைப் படம் பிடி. ஒவ்வொன்றையும் 160 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிடு. விளையாட்டைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டி, ஒரு நொடியில் ஆளைத் தொடச் சொல். 8இல் 7 தேறினால் சரி. பிறகு கைப்பேசியை வெளிச்சத்தை அரைவாசிக்குக் குறைத்துப் பகலில் திண்ணையிலிருந்து பார். எங்கள் ஊரில் பலர் விளையாடுவது அப்படித்தான். ஓட்டுக் கூரையில் சோதனை கட்டாயம் தோற்கும், சிவப்பு ஓட்டில் சிவப்புச் சால்வை கரைந்துவிடும். அங்கே சால்வையை மாற்றாதே, ஓட்டில் பாசியும் கருமையும் ஏற்று.

இன்னொன்று. படத்தின் பின்னணியில் கோணேசர் கோபுரம் வரைந்திருக்கிறாய். அதை எடுத்துவிடு. கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். இப்போது நிற்பது 20ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 1795 இரவில் கோயில் நின்ற சுவாமி மலையில் பாறையும் கடலும்தான். வேண்டுமானால் கோட்டைச் சுவரிலே கோயில் கல் ஒன்றைச் செதுக்கலோடு வை, தெரிந்தவர் பார்ப்பார். ஃபிரெட்ரிக் கோட்டை என்றும் எழுதாதே, அந்தப் பெயர் 1803இல்தான் வைத்தார்கள். கோட்டை மான்களைச் சேர்க்க மறக்காதே, சத்தம் கேட்டு ஓடுகிற மான் நல்ல எச்சரிக்கை மணி.

ஓட்டுக் கூரைப் படத்தை முதலில் அனுப்பு, மற்றதைப் பிறகு பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்